மறுபடி நெய்ய முடியுமா? டிசைன் போட வரும் பிள்ளைகளுக்கு

ஆரணிப் பட்டுக்கு டிசைன் போடக் கற்றுக்கொள்ள வருகிற பிள்ளைகள் முதல் நாள் கேட்பது எந்த சாஃப்ட்வேர் நல்லது, எந்த கம்ப்யூட்டர் வாங்கலாம் என்றுதான். போட்ட டிசைனை எங்கே, எப்படிப் பத்திரப்படுத்துவது என்று கேட்பவர்கள் குறைவு. தெள்ளாரில் உட்கார்ந்து வரைந்தாலும் அது போய் ஏறுவது ஒண்ணுபுரத்திலோ முள்ளிப்பட்டிலோ தேவிகாபுரத்திலோ இருக்கிற ஒரு தறியில். நடுவில் ஜவுளிக்கடைக்காரர் இருக்கிறார், பாவு கொடுத்து நெய்து வாங்குகிற முதலாளி இருக்கிறார், அட்டை குத்துகிறவர் இருக்கிறார். இத்தனை கை மாறுவதால் யாரிடமாவது இருக்கும் என்று ஆளாளுக்கு நினைத்துக்கொள்கிறார்கள். மூன்று வருஷம் கழித்து ஒரு கல்யாண வீட்டார், அதே கரையும் அதே முந்தியும் வேண்டும் என்று அக்காவின் சேலையைத் தூக்கிக்கொண்டு வரும்போதுதான் ஒருவரிடமும் இல்லை என்று தெரிகிறது.

பேசிக்கொண்டே போனால் மறந்துவிடுவீர்கள் என்பதற்காக எண் போட்டு எழுதுகிறேன். ஒன்று நீளமாக இருக்கும், ஒன்று ஒரே வரியில் முடியும். கோபித்துக்கொள்ளாதீர்கள். உரிமையோடு ‘நீ’ என்றே சொல்லப்போகிறேன்.

1. படம் கையில் இருந்தால் டிசைன் கையில் இருக்கிறது என்று நினைக்காதே.

திரையில் தெரிகிற தாழம்பூ ரேக்கு வெறும் படம். அது தறியில் ஏற வேண்டுமானால் வேறு பல சங்கதி தெரியவேண்டும். ஜக்கார்டு பெட்டி 120 கொக்கியா, 240 கொக்கியா? கரைக்கு எத்தனை இழை? ஒரு கொக்கிக்கு எத்தனை இழை கட்டியிருந்தது? ரீடு என்ன நம்பர்? இரண்டு கரையும் ஒரே முகமா, எதிரெதிர் முகமா? கோர்வைக் கரையா, சாதாக் கரையா? படத்தில் சிவப்பாகத் தெரிவது ஜரிகையா, மீனாவுக்கு ஓட்டிய கலர்ப் பட்டா? இதெல்லாம் தறிக்காரர் தலையில் இருக்கும், இல்லையென்றால் அட்டை குத்தியவரின் பழைய நோட்டில் இருக்கும். தறிக்காரர் தறியைப் பிரித்துப் போட்டுவிட்டு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கம்பெனி வேலைக்குப் போய்விட்டார் என்று வை. படம் உன்னிடம் பத்திரமாக இருக்கும், சேலைதான் வராது.

ஆகவே ஒரு டிசைனுக்கு ஒரு ஃபோல்டர் போடு. லேயரோடு நீ வேலை செய்த மூலக் கோப்பு அதில் இருக்கட்டும். தறிக்குப் போன கடைசிக் கட்டப்படம் இருக்கட்டும். மேலே சொன்ன விவரங்களை எழுதிய ஒரு சின்ன டெக்ஸ்ட் ஃபைல். அப்புறம், நெய்து முடித்த சேலையின் போட்டோ: முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று. பின்பக்கம் எதற்கு என்பாய். ஜரிகை எங்கே மிதந்து போகிறது, எங்கே இழையில் கட்டுப்படுகிறது என்று அங்கேதான் பார்க்க முடியும். விவரம் தெரிந்தவர்கள் சேலையை முதலில் புரட்டிப் பார்ப்பதும் அதற்காகத்தான்.

மறுபடி நெய்ய முடிந்தால் அது பேக்கப். முடியாவிட்டால் ஆல்பம். கீழே சொல்வதையெல்லாம் இதை வைத்தே அளந்து பார்த்துக்கொள்.

2. இடம் போதவில்லை என்ற சாக்கு செல்லாது.

கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். ஒரு கரை 240 கட்டம் அகலம், 400 கட்டம் உயரம் என்று வைத்துக்கொள். மொத்தம் 96,000 கட்டம். 256 வண்ண பிஎம்பி கோப்பில் கட்டத்துக்கு ஒரு பைட். ஆக ஒரு கரை 100 கேபிக்குள் அடங்கிவிடும். ஆயிரம் கரை போட்டாலும் 100 எம்பிதான். கூகுள் சும்மா கொடுக்கிற 15 ஜிபியில் நீ ஆயுசுக்கும் போடுகிற கரை எல்லாம் உட்கார்ந்த பிறகும் இடம் மிச்சம் இருக்கும். லேயர் கோப்பும் ஸ்கேன் செய்த பழைய கிராஃபும் பெரியவைதான். அவற்றுக்கு ஒரு ஹார்ட்டிஸ்க் வாங்கு. செல்போனில் சினிமா ஏற்ற இடம் இருக்கிறது, தொழிலுக்கு இடம் இல்லையா?

3. கட்டப்படத்தை ஜேபெக்காகச் சேமிக்காதே. வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பாதே.

புதிதாக வருகிறவர்கள் அதிகம் இடறுவது இங்கேதான். நான்கே வண்ணம் உள்ள ஒரு அன்னபட்சி புட்டாவை எடுத்துக்கொள். பிஎம்பியில் பெரிதாக்கிப் பார்த்தால் ஒவ்வொரு கட்டமும் பளிச்சென்று ஒரே நிறம். அன்னத்தின் கழுத்தும் பின்னணியும் சந்திக்கிற இடத்தில் கத்தியால் வெட்டிய மாதிரி கோடு இருக்கும். அதையே ஒருமுறை ஜேபெக்காகச் சேமித்துத் திறந்து அதே கழுத்தைப் பெரிதாக்கு. கோட்டின் இரண்டு பக்கமும் அழுக்கு படிந்தது போல இடைநிறங்கள் தெரியும். கண்ணுக்கு நாலு நிறம்தான். கம்ப்யூட்டர் எண்ணினால் நூற்றுக்கணக்கில் வரும். ஜேபெக் கோப்பைச் சிறிதாக்குவதே, கண் கவனிக்காத இடத்தில் நிறத்தைக் கலந்து விடுவதால்தான். போட்டோவுக்கு அது சரி. தறிக்கு ஒவ்வொரு நிறமும் ஒரு கட்டளை. இந்தக் கட்டத்தில் ஜரிகை மேலே வரவேண்டுமா கூடாதா என்ற கேள்விக்கு ‘கொஞ்சம் வரலாம்’ என்று பதில் சொன்னால் கொக்கி என்ன செய்யும்?

வாட்ஸ்அப் போட்டோவாக அனுப்பினால் அளவையும் சேர்த்துச் சுருக்கும். 240 கட்டம் 240ஆகவே போய்ச் சேர வேண்டும். 239 ஆனாலும் கரை உடைந்துபோகும். அவசரத்துக்கு அனுப்பித்தான் ஆகவேண்டும் என்றால் ‘டாக்குமென்ட்’ வழியாக அனுப்பு. கோப்பு அப்படியே போகும். அனுப்பியதோடு பேக்கப் ஆகிவிட்டது என்றும் இருந்துவிடாதே. செல்போன் மாற்றிய பிறகு பழைய கோப்பைத் தொட்டால், அனுப்பியவரையே திரும்ப அனுப்பச் சொல்லு என்று அது கைவிரிக்கும். அனுப்பியவர் நீதான்.

4. பெயர் ஒழுங்காக வை.

‘ஃபைனல்’, ‘ஃபைனல் 2’, ‘கடை ஓகே ஃபைனல்’ என்று ஒரே ஃபோல்டரில் கிடப்பதைப் பல இடத்தில் பார்த்தாயிற்று. வருஷம், மாதம், தேதி என்ற வரிசையில் எண்ணை முதலில் போடு; கோப்புகள் தாமாகவே கால வரிசையில் நிற்கும். அதன்பின் மோடிஃப் பெயர், கொக்கி எண்ணிக்கை. 2025-03-14, மயில்கண், 240 என்று இருந்தால் போதும். சில எலக்ட்ரானிக் ஜக்கார்டு பெட்டிகள் தமிழ் எழுத்தில் வைத்த பெயரையும் இடைவெளி விட்ட பெயரையும் படிக்காது. அதனால் தறிக்குப் போகிற கோப்புக்கு இங்கிலீஷ் எழுத்திலேயே சின்னதாகப் பெயர் வை. ஃபோல்டர் பெயர் உன் விருப்பம்.

5. சாஃப்ட்வேரை நம்பி டிசைனை அடகு வைக்காதே.

ஜவுளி டிசைன் சாஃப்ட்வேர்கள் பலவற்றுக்குச் சொந்தக் கோப்பு வகை உண்டு. டாங்கிள் சொருகினால்தான் திறக்கும். டாங்கிள் உடைந்தது, கம்பெனி மூடிவிட்டது, புது விண்டோஸில் ஓடவில்லை, எது நடந்தாலும் உன் பத்து வருஷ உழைப்புக்குப் பூட்டு விழும். வேலை முடிந்த அன்றே பிஎம்பியிலோ டிஃப்பிலோ ஒரு பிரதி எடுத்து வைத்துவிடு. அவற்றை எந்தக் கம்ப்யூட்டரும் திறக்கும்.

குறிப்பு எழுதுகிற எழுத்துக்கும் இதே கதிதான். ஒரு காலத்தில் பாமினி எழுத்துருவில் அடித்து வைத்த தமிழ்க் குறிப்பை அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்துபார், இங்கிலீஷ் எழுத்தைக் கொட்டிக் கலைத்த மாதிரி நிற்கும். மாற்றிக் கொடுக்கிற கருவிகள் இருக்கின்றன, மாற்றிவிடலாம். ஆனால் இனி எழுதுவதை யூனிகோடில் எழுது.

6. மூன்று நகல், இரண்டு வகைப் பொருள், ஒன்று வேறு ஊரில்.

பீட்டர் குரோக் என்ற அமெரிக்க போட்டோகிராபர் டிஜிட்டல் படங்களைப் பராமரிப்பது பற்றி 2005-இல் ஒரு புத்தகம் எழுதினார். அவர் வழியாகப் பரவியதுதான் 3-2-1 என்கிற இந்தக் கணக்கு. இன்று பெரிய கம்பெனிகளும் இதையே சொல்கின்றன. உனக்கு எப்படி என்றால்: லேப்டாப்பில் ஒன்று, வீட்டில் வைக்கிற ஹார்ட்டிஸ்க்கில் ஒன்று, கூகுள் டிரைவ் மாதிரி ஒரு இடத்தில் ஒன்று. நெட் சரியில்லையா? இரண்டாவது ஹார்ட்டிஸ்க் ஒன்று வாங்கி வேலூரிலோ சென்னையிலோ இருக்கிற அக்கா வீட்டு பீரோவில் வை. போகும்போது ஒன்றைக் கொடுத்துவிட்டு மற்றதை வாங்கிக்கொண்டு வா.

இதை அமெரிக்காக்காரன்தான் வந்து சொல்ல வேண்டுமா என்று தோன்றினால், நம் தெள்ளாரின் பெயரைப் பார். ஒன்பதாம் நூற்றாண்டில் பல்லவன் மூன்றாம் நந்திவர்மன் தெள்ளாற்றில் பாண்டியனை முறியடித்தான். அந்த வெற்றி ஒரே கோயில் சுவரில் மட்டும் வெட்டப்பட்டிருந்தால், அடுத்த திருப்பணியில் கல் இடம் மாறி, சேதி போயிருக்கும். ‘தெள்ளாறெறிந்த’ என்ற பட்டத்தோடு அவன் பெயர் பல ஊர்க் கோயில்களில் கல்லில் நிற்கிறது. போதாததற்கு நந்திக்கலம்பகத்தில் பாட்டாகவும் ஏறி, ஓலையில் எழுதி எழுதிக் கைமாறி வந்தது. கல் ஒரு வகை, ஓலை ஒரு வகை, ஊர்கள் பல. ஆயிரத்து நூறு வருஷத்துக்கு மேல் ஆகியும் சண்டை நடந்த ஊர் எது என்று நமக்குத் தெரிகிறது.

7. திருட்டுப் பயத்தால் ஒற்றை நகலோடு இருக்காதே.

பேக்கப் என்று சொன்னால் நம் தொழிலில் பெரியவர்கள் முகம் சுளிப்பதற்குக் காரணம் இருக்கிறது. திங்கட்கிழமை கடைக்கு வந்த கரையை அடுத்த மாதம் யாரோ விசைத்தறியில் பாலியஸ்டரில் ஓட்டிவிடுகிறார்கள். நகல் அதிகமானால் கசிவும் அதிகமாகும் என்பது அவர்கள் பயம். அது வீண்பயம் என்று சொல்லமாட்டேன். 1866-இல் ஜான் ஃபோர்ப்ஸ் வாட்சன் என்ற வெள்ளைக்காரர் இந்தியத் துணிகளில் 700 மாதிரித் துண்டுகளை வெட்டி ஒட்டி 18 தொகுதிகளாக ஆக்கினார். அப்படி 20 செட். 13 பிரிட்டனில் வைக்கப்பட்டன, 7 இந்தியாவுக்கு வந்தன. இந்தியர்கள் என்ன உடுத்துகிறார்கள் என்று அங்கே மில்காரர்கள் பார்த்து, அதே மாதிரி நெய்து இங்கேயே விற்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. நம் நெசவாளர் வயிற்றில் அடித்த காரியம். சந்தேகமே இல்லை.

ஆனால் அன்று நெய்த துணியைத் தொட்டு, இழை எண்ணிப் பார்க்க வேண்டுமென்றால் இன்று ஆராய்ச்சிக்காரர்கள் போய் நிற்பதும் அந்தத் தொகுதிகள் முன்னால்தான். நெய்தவர்கள் வீட்டில் அந்தத் துணி இல்லை. யோசித்துப் பார்த்தால் வயிற்றெரிச்சலாகத்தான் இருக்கிறது. நம் சரக்குக்கு நாமே நகல் வைத்துக்கொள்ளாவிட்டால், நம்மைக் காப்பியடித்தவன் வைத்திருக்கிற நகல்தான் மிஞ்சும்.

திருட்டுக்கு வழி, நகல் எடுக்காமல் இருப்பதல்ல, பூட்டி வைப்பது. ஹார்ட்டிஸ்க்கை பாஸ்வேர்டு போட்டுப் பூட்டலாம். வெராகிரிப்ட் இலவசம், சில விண்டோஸ்களில் பிட்லாக்கர் கூடவே வருகிறது. கடைக்குக் காட்டச் சின்ன அளவில், குறுக்கே உன் பெயர் போட்ட படம் போதும். கட்டப்படம் தறிக்கு மட்டும் போகட்டும். உண்மையிலேயே புதிய டிசைன், பெரிய ஆர்டர் வரும் என்று தோன்றினால் 2000-ஆம் ஆண்டு டிசைன் சட்டத்தின்படி பதிவு செய். பத்து வருஷம் உரிமை, மேலும் ஐந்து வருஷம் நீட்டிக்கலாம். முக்கிய நிபந்தனை: விண்ணப்பிக்கும் முன் அது வெளியே வந்திருக்கக் கூடாது. இன்ஸ்டாகிராமில் போட்டு லைக் எண்ணிவிட்டு அப்புறம் பதிவுக்குப் போனால் நடக்காது.

8. பென்டிரைவ் எடுத்துப் போவதற்கு மட்டும்.

அதில் வைத்துவிட்டு லேப்டாப்பில் அழிக்காதே. சட்டைப்பையோடு தண்ணீரில் ஊறும், பஸ்ஸில் விழும். ஃபுட்பாத்தில் மலிவாக வாங்கியது 128 ஜிபி என்று காட்டும், உள்ளே 8 ஜிபிதான் இருக்கும். அதற்குமேல் போட்டது போட்டதாகக் காட்டிவிட்டு ஒன்றும் இருக்காது. நல்ல பென்டிரைவும் எஸ்எஸ்டியும்கூட மின்சாரம் இல்லாமல் வருஷக்கணக்கில் டிராயரில் கிடந்தால் எழுதியதை மறக்கத் தொடங்கும். வருஷத்துக்கு இரண்டு தரமாவது சொருகிப் பார்.

9. சிங்க் ஆவது பேக்கப் ஆகாது.

கம்ப்யூட்டரில் ஒரு ஃபோல்டரை கூகுள் டிரைவோடு இணைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறவர்கள் உண்டு. நீ இங்கே தவறி அழித்தால் அங்கேயும் அழியும், இங்கே கெடுத்தால் அங்கேயும் கெடும். குப்பைத்தொட்டியில் 30 நாள் இருக்கும், அதற்குள் கவனிக்கவேண்டும். கரை கெட்டது ஆறு மாதம் கழித்து ஆர்டர் வரும்போதுதான் தெரியும் என்றால் 30 நாள் எதற்கு ஆகும்? மாதத்துக்கு ஒருமுறை ஹார்ட்டிஸ்க்கில் தேதி போட்ட தனி நகல் எடுத்து, வேலை முடிந்ததும் கழற்றி வை. எங்கள் பக்கத்தில் அமாவாசைக்குத் தறி ஓட்டாத வீடுகள் உண்டு. அந்த நாளை இதற்கென்று வைத்துக்கொண்டால் நாள் மறக்காது.

இன்னொருவன் கம்ப்யூட்டரில் இருப்பதால் அது நிரந்தரம் என்றும் எண்ணாதே. மைஸ்பேஸ் என்ற தளத்தில் 2003 முதல் 2015 வரை ஜனங்கள் ஏற்றிய பாட்டு, படம், வீடியோவெல்லாம் சர்வர் மாற்றும்போது போய்விட்டது என்று 2019-இல் கம்பெனியே அறிவித்தது. கோடிக்கணக்கான பாட்டுகள். தங்கள் பாட்டுக்கு வேறு நகல் வைத்துக்கொள்ளாத சின்னப் பாடகர்களுக்கு அதோடு சரி.

10. மழை.

குழித்தறி வைத்த வீட்டில் தண்ணீர் முதலில் தறிக்குழியில்தான் நிற்கும் என்று உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. 2024 நவம்பர் கடைசியில் கரையேறிய ஃபெஞ்சல் புயல் விழுப்புரத்தையும் திருவண்ணாமலையையும் என்ன பாடு படுத்தியது என்று பார்த்தோம். திருவண்ணாமலை மலையே சரிந்து ஏழு பேரைக் கொன்றது. கடற்கரைக்குத் தூரம் என்று இனி நாம் சொல்லிக்கொள்ள முடியாது. ஹார்ட்டிஸ்க்கைத் தரையில், கட்டிலுக்கு அடியில், ஜன்னல் ஓரத்தில் வைக்காதே. சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போட்ட மூடி டப்பாவில், பரண் உயரத்தில் வை. இடி இடிக்கும்போது கம்ப்யூட்டரின் பிளக்கைப் பிடுங்கு. ஸ்விட்சை அணைத்தால் போதாது.

11. ஊர் சுற்றிய பென்டிரைவை நேராகச் சொருகாதே.

அட்டை குத்துகிற கடை, ஜெராக்ஸ் கடை, எலக்ட்ரானிக் பெட்டி ரிப்பேர் செய்கிறவர் என்று போய்வந்த டிரைவில் ஷார்ட்கட் வைரஸ் இல்லாமல் இருந்தால்தான் ஆச்சரியம். அது தொல்லை, அவ்வளவுதான். கோப்பையெல்லாம் பூட்டிவிட்டுப் பணம் கேட்கிற ரகம் வந்தால் தொழிலே நிற்கும். 2017 மே மாதம் வானாகிரை வந்தபோது இங்கிலாந்தில் ஆஸ்பத்திரிகளே திண்டாடின. அந்த ரகம் கம்ப்யூட்டரில் சொருகியிருக்கிற ஹார்ட்டிஸ்க்கையும் விடாது. கழற்றி வை என்று மேலே சொன்னது இதற்காகவும்தான்.

12. கம்ப்யூட்டருக்கு முன்னால் வந்ததையும் காப்பாற்று.

வீட்டுப் பரணில் சுருட்டி வைத்த கிராஃப் தாள், சணல் கட்டிய அட்டைக்கட்டு இருந்தால் தூக்கிப் போட்டுவிடாதே. அந்த அட்டையும் டிஜிட்டல் கோப்புதான். 1804-இல் பிரான்சின் லியோன் நகரத்து ஜக்கார்டு என்பவர் ஓட்டை போட்ட அட்டையால் ஓடுகிற தன் தறிப் பெட்டியைக் கொண்டுவந்தார். கம்ப்யூட்டருக்கு அட்டையில் எழுதுகிற யோசனை அங்கிருந்துதான் போயிற்று. 1839-இல் அவர் உருவத்தையே பட்டில் நெய்தார்கள். அதற்குச் சுமார் 24,000 அட்டை. கம்ப்யூட்டரின் முன்னோடி என்று சொல்லப்படுகிற சார்லஸ் பாபேஜ் அந்தப் பட்டுப் படத்தில் ஒன்றை வாங்கி வைத்து, வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் காட்டினார்.

அட்டையிலிருந்து டிசைனைத் திரும்ப எடுக்க முடியும். ஓட்டை இருந்தால் அந்தக் கொக்கி தூக்கும், இல்லாவிட்டால் தூக்காது. ஒரு அட்டை என்பது கிராஃபில் ஒரு வரிசை. அட்டைக்கு வரிசை எண் எழுது; கட்டு அவிழ்ந்து கலைந்தால் எண் இல்லாமல் சேர்ப்பது பெரும்பாடு. வெள்ளை வெளிச்சத்துக்கு மேலே வைத்து ஒவ்வொன்றாகப் போட்டோ எடு. அப்புறம் கட்டப்படத்தில் ஓட்டைக்கு ஒரு புள்ளி வைத்துக்கொண்டே போ. 400 அட்டை என்றால் 400 வரிசை. மூன்று நான்கு நாள் இடுப்பு ஒடியும். ஐம்பதாவது வரிசை தாண்டும்போது யாளியின் கால் தெரிய ஆரம்பிக்கும், அதன்பிறகு உன்னை எழுப்ப முடியாது. நடுவில் இரண்டு அட்டையை எலி தின்றிருந்தால் மேலே கீழே இருக்கிற வரிசையைப் பார்த்து ஊகித்துவிடலாம். பத்து அட்டை போயிருந்தால் கஷ்டம்.

கிராஃப் தாளை நேர் மேலேயிருந்து, பகல் வெளிச்சத்தில், நிழல் விழாமல் எடு. ஓரத்தில் ஒரு ஸ்கேலை வை. தாளின் பின்னால் பென்சிலில் ஏதாவது எழுதியிருந்தால் அதையும் எடு. வரைந்தவர் பெயரும் கொக்கிக் கணக்கும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

சேலைக்கு வருகிறேன். பழைய பட்டுச்சேலை வாங்குகிறவர்கள் தெருவில் குரல் கொடுத்துக்கொண்டு போவதைக் கேட்டிருப்பாய். ஜரிகையில் இருக்கிற வெள்ளிக்காக எடைக்கு வாங்கி எரித்துவிடுகிறார்கள். கிராஃபும் இல்லை, அட்டையும் இல்லை என்று ஆன ஒரு இருதலைப்பட்சிக் கரைக்கு அந்தச் சேலைதான் கடைசி நகலாக இருக்கலாம். விற்காதே என்று யாரையும் கேட்க நமக்கு உரிமை இல்லை, அவரவர் வீட்டு நிலவரம் அவரவருக்கு. விற்பதற்கு முன்னால் அரைமணி நேரம் கேட்டு வாங்கு. கரை, முந்தி, உடல், பின்பக்கம் என்று எடு. ஒரு அங்குலத்துக்கு எத்தனை இழை என்று கண்ணாடி வைத்து எண்ணிக் குறித்துக்கொள். 1936-இல் கலாக்ஷேத்ரத்தைத் தொடங்கிய ருக்மிணி தேவி, பிறகு அங்கே தறி போட்டு, மறைந்துபோய்க்கொண்டிருந்த காஞ்சிபுரம் கரைகளையும் நிறங்களையும் மீட்டது பழைய சேலைகளைப் பார்த்துத்தான். சேலை இருந்ததால் மீட்க முடிந்தது.

13. திறந்து பார்க்காத பேக்கப்பைக் கணக்கில் சேர்க்காதே.

1998-இல் பிக்சார் கம்பெனி ‘டாய் ஸ்டோரி 2’ எடுத்துக்கொண்டிருந்தபோது யாரோ தவறுதலாகக் கொடுத்த ஒரு கட்டளையில் படத்தின் கோப்புகள் மளமளவென்று அழிந்தன. பேக்கப் இருக்கிறதே என்று போனார்கள். அது ஒழுங்காக எடுக்கப்படவே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. காலின் சஸ்மன் என்ற அம்மா, கைக்குழந்தை இருந்ததால் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பதற்காக ஒரு நகல் வைத்திருந்தார். அந்தக் கம்ப்யூட்டரைப் போர்வையில் சுற்றிக் காரில் ஏற்றிக் கொண்டுவந்து படத்தைப் பிழைக்க வைத்தார்கள். அத்தனை பெரிய கம்பெனிக்கு நேர்ந்தது உனக்கும் எனக்கும் நேராதா?

ஆயுத பூஜைக்குக் கம்ப்யூட்டரைத் துடைத்துப் பொட்டு வைக்கிறோம் இல்லையா, அதற்கு முதல் நாள் இதைச் செய். ஹார்ட்டிஸ்க்கிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு ஐந்து ஃபோல்டர் எடு. உன்னுடையது அல்லாத வேறொரு கம்ப்யூட்டரில் திற. கட்டப்படம் திறக்கிறதா, நிறம் எத்தனை, அகலம் சரியா, டெக்ஸ்ட் குறிப்பை வைத்து இன்னொருவர் அட்டை குத்த முடியுமா என்று பார். ஒன்றாவது தேறவில்லை என்றால் மற்றவற்றையும் பார்த்துவிடு. பூஜைக்குப் பொரி வாங்குவதை வேறு யாராவது பார்த்துக்கொள்வார்கள்.

14. கோப்பு யாருடையது என்று கூலி பேசும்போதே பேசு.

பில்லில் ஒரு வரி எழுது: படம் மட்டுமா, மூலக் கோப்பும் சேர்த்தா, எத்தனை வருஷம் நீ வைத்திருப்பாய், மறுபடி கேட்டால் தனிக்கூலியா. இதைப் பேசாததால் கெட்ட உறவுகள் ஆரணி பஜாரில் நிறைய.

15. நீ இல்லாதபோது யார் திறப்பார்கள்?

ஹார்ட்டிஸ்க்கைப் பூட்டச் சொன்னேன். சாவி உன் தலையில் மட்டும் இருந்தால், உனக்கு ஒன்று என்றால் எல்லாம் போய்விடும். கூகுள் கணக்கை இரண்டு வருஷம் யாரும் தொடாவிட்டால் கூகுளே அழித்துவிடலாம் என்ற விதி 2023 டிசம்பரிலிருந்து நடப்பில் இருக்கிறது. அதே கணக்கின் அமைப்பில், நீ இத்தனை மாதம் வரவில்லை என்றால் இன்னாருக்குத் தகவல் கொடு, கோப்புகளைப் பார்க்க விடு என்று முன்கூட்டியே எழுதி வைக்க வசதி இருக்கிறது. போட்டு வை. பாஸ்வேர்டுகளை ஒரு நோட்டில் எழுதி, வீட்டுப் பத்திரம் இருக்கிற இடத்தில் வை. எந்த டிரைவில் எது இருக்கிறது, எந்தக் கடை எந்த டிசைனுக்குப் பணம் பாக்கி என்பதும் அதே நோட்டில் இருக்கட்டும்.

எழுதி வைத்தால் மட்டும் ஆகாது. மனைவியோ புருஷனோ தம்பியோ கூட வேலை செய்கிற பையனோ, ஒருவரை உட்கார வைத்து, நீ வாய் திறக்காமல் பக்கத்தில் நில். நோட்டைப் பார்த்து அவரே ஒரு கரையைத் தேடித் திறக்கட்டும். எங்கே முழிக்கிறாரோ அந்த இடத்தில் நோட்டில் இன்னும் இரண்டு வரி சேர்த்து எழுது.